முன்னால் ஒரு முதுகு

மஸ்கெலியா மைதானத்தில்
சுண்ணாம்புக் கோடுகளைப் பனி தின்றிருந்தது.
எண்ணூறு மீற்றர்.
லோஜினியின் முதுகைப் பார்த்தே ஓடினேன்,
மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த முதுகு:
இடத்தோள் கொஞ்சம் தாழும்,
கடைசி வளைவில் ஒருமுறை துப்புவாள்.

பார்லிமெண்டில் கை தூக்கினார்களாம்.
வலயக் காரியாலயம் வழியாக
மூன்று பக்கமாய் மலையேறி வந்தது சட்டம்.
பெண்கள் அணிக்கு
பெண்ணென்று தாள் வேண்டும், சந்தேகம் வந்தால்.

சந்தேகம் வந்தது, பெட்டிசமாக.
அவள் மேலுதடு. அவள் குரல்.
சேரின் மேசையில் கிடந்தது, பேரில்லாமல்.
அந்த 'ழ'வின் வால்
எங்கள் வீட்டுக் கடன் கொப்பியில் இருக்கிறது.
அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பஸ் ஏறிய நாள்
அம்மாவுக்குச் செக்ரோலில் பேர் விழவில்லை.
மகள் பேரை
அதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள்.
இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கிறது.
முடிவு வரும்,
போட்டி முடிந்து.

மாகாணத்துக்கு நான் போகிறேன்.
பாடசாலைக்கு ஒரே சோடி ஸ்பைக் சப்பாத்து,
அவள் குதிக்காலுக்குப் பழகியது.
நுனியில் பஞ்சு திணித்துக்கொண்டேன்.

ஜெயிக்க எனக்கும் ஆசைதான்.
பொய் சொல்லவில்லை.
ஆனால் பயிற்சியில் சேர் விசில் ஊதியதும்
முன்னால் வெறும் பனி.
எதைப் பார்த்து ஓடுவது?