நுரைமேல் எழுத்து

வியாழனுக்குள் வேண்டும் என்றார் கார்சைடு.
கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டை.
முன்புறம் ஆலையின் சின்னம், பின்புறம் வெறுமை.
"காசு கொடுத்த காகிதம், மிஸ் வார்டில்,
இரண்டு பக்கமும் பேசட்டும்."

பர்ட்டன் நகரம், ஐம்பத்தெட்டு, நவம்பர்.
மால்ட் வேகும் வாசனைக்குள்
மூடிய ரயில் கேட்டருகே நின்ற கால்மணி நேரத்தில்
ஒரு பனிப்புயலைக் கிளப்பினேன்.
அதில் ஒரு குதிரைவண்டியைப் புதைத்தேன்.
வண்டிக்காரனுக்குப் பெயர் வேண்டுமே,
எங்கள் வீட்டுக்கு நிலக்கரி போடுகிறவர் ஈலை மாட்ரம்.
ஆண்டு வேண்டும்.
கைப்பையில் சலவைக்கடைச் சீட்டு: 1763.
மூன்று வாரம் பனியில் கிடந்த பீப்பாய்,
திறந்தால் உள்ளே பொன்னிறம்,
இப்படிப் பிறந்ததாம் எங்கள் வெளிர் ஏல்.

பொய் என்று தோன்றவில்லை அப்போது.
ஈரம் பட்டால் இரண்டு நாளில் நைந்துபோகும் அட்டை.
நீர்மேல் எழுத்துக்கே ஆயுள் இல்லை,
இது நுரைமேல்.

நையவில்லை.
சுற்றுலாக் கையேட்டில் ஏறியது.
ஒரு பேராசிரியர் அடிக்குறிப்பில்
'வாய்மொழி மரபு' என்று மரியாதை செய்தார்.
லண்டன்காரர்கள் ஆலையை வாங்கினார்கள்,
செம்புக் கொப்பரைகளை எடைக்குப் போட்டார்கள்,
பனிப்புயலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஆற்றோர மதுக்கடையில்
ஈலை மாட்ரத்தின் ஐந்தாம் தலைமுறையைச் சந்தித்தேன்.
அந்தக் குளிர் இன்னும் தங்கள் வீட்டு முழங்கால்களில்
இருக்கிறது என்றார்.
இல்லை, நான் எழுதியது என்றேன்.
பொறுமையாகச் சிரித்தார்.
"ஆதாரம் இருக்கிறது, மேடம்."
சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்
என் அட்டை.

அதே வாரம் இன்னொன்றும் எழுதியிருந்தேன்.
பாட்டில் கழுவும் கொட்டகையில் ஹெட்டி ஸ்ப்ராஸ்டன்
கை இரண்டையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.
கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம்.
பியர் துலங்கும், விரல் வெடிக்கும்.
"இதைப் போடேன், படித்த பொண்ணே."
போட்டேன், பதினொரு சொல்லில்.
கார்சைடு சிவப்பு மையால் அடித்தார்:
இதைப் படித்துவிட்டு எவன் குடிப்பான்?
நான் வாதாடவில்லை.
மதியம் கேன்டீனில் மீன் வறுவல்,
சீக்கிரம் போகாவிட்டால் தீர்ந்துவிடும்.

மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன்.
மேசையில் கிடந்த புது அட்டையைத் திருப்பினேன்,
பின்புறம் இப்போதும் வெறுமை.
பென்சில் ஈரத்தில் கரையாது,
அந்தத் தொழிலில் கற்ற ஒரே உண்மை அது.
எழுதினேன்:
ஹெட்டி ஸ்ப்ராஸ்டன், பாட்டில் கொட்டகை,
கைகள் வெடித்திருந்தன.

எந்த ஆண்டு சேர்ந்தாள் என்பது நினைவில் இல்லை.
பழக்கதோஷம்,
ஒன்று போட்டுவைத்தேன்.