ஒன்றரை மில்லிமீட்டர்

டோட்நவ் ஊரில் ஜனவரி.
சோதனை அறையில் ஆறு பேசின், ஆறு கண்ணாடி,
ஆறு பேர் வாயில் நுரையோடு என்னைப் பார்க்கிறார்கள்.
கேள்வி கேட்க
இதைவிட மோசமான நேரம் கிடையாது.

பொத்தான் வேண்டாம் என்றது மார்க்கெட்டிங்.
பொத்தான் இடுக்கில் பேஸ்ட் காய்ந்து கறுக்கிறதாம்.
மூட்டே தெரியாமல் வழவழவென்று
ஆற்றில் உருண்ட கல் மாதிரி ஒரு கைப்பிடி;
விரல் வைத்தால் அதற்குப் புரிய வேண்டும்.

புரியவைப்பது என் வேலை.
வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அடியில்
சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செம்புத் தகடு.
விரல் அதைத் தொடுவதே இல்லை.
பக்கத்தில் வந்தாலே அங்கே மின்புலம் கொஞ்சம் கலங்கும்.
அந்தக் கலக்கத்தை எண்ணாக்கி
ஒரு வரம்போடு வைத்துப் பார்க்கிறேன்.
மேலே போனால் விரல்.
கீழே நின்றால் ஒன்றுமில்லை.

புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று பள்ளியில் படித்தோம்,
தொட்டால் தெரியும், அவ்வளவுதான்.
இதற்கு அது கூட அரைகுறை.
தண்ணீர்த் துளியை விரல் என்கிறது.
நுரையை விரல் என்கிறது.
நேற்று ராத்திரி ஈர அலமாரியில் ஒன்று
ஆளில்லாமல் தானாக முடுக்கிக்கொண்டு
சார்ஜ் தீரும்வரை கண்ணாடிக்குப் பல் தேய்த்திருக்கிறது.

வரம்பை உயர்த்தினேன். நாற்பதிலிருந்து அறுபத்தைந்து.
துளிகள் அடங்கின.
ஐந்தாம் பேசினில் ரோலண்ட் அசால் மட்டும்
அழுத்துகிறார், விடுகிறார், அழுத்துகிறார்.
காட்டில் மரம் வெட்டுகிறவர்.
கட்டைவிரலில் காய்ப்பு,
காய்ப்பின்மேல் குளிர்காலத்து வெடிப்பு.
என் திரையில் அவருடைய வரிசையில்
கை இல்லை
கை இல்லை
கை இல்லை.

நுரையைத் துப்பிவிட்டு அவர் சிரித்தார்.
"சூப்பர்மார்க்கெட் கதவுகூட எனக்குத் திறக்கிறதே."

"நூற்றுக்கு ரெண்டு பேர்தான் இப்படி," என்றாள் யுட்டா,
"விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமை
சர்க்யூட் போர்டுக்கு ஆர்டர் போகிறது."
அவள் கெட்டவள் இல்லை. கணக்கும் சரிதான்.

எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டிக்கடை.
அப்பா நீட்டிய கையில்
மீதிச் சில்லறை வைக்கப்பட்டதில்லை;
மேலிருந்து விழும்.
கடைக்காரர் விரலுக்கும் அப்பா உள்ளங்கைக்கும் நடுவே
எவ்வளவு தூரம் என்று
எட்டு வயதில் கண்ணால் அளந்திருக்கிறேன்.
ஒரு சாண் இருக்கும்.
ஒருமுறை எட்டணா உருண்டு சாக்கடைக்குள் போனது.
நாங்கள் குனியவில்லை.

யுட்டாவிடம் இதைச் சொல்லவில்லை.
பல் தேய்க்கிற சமாச்சாரத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது,
ஜெர்மனில் எனக்கு வாக்கியம் அமையவில்லை.
"சனி, ஞாயிறு கொடு" என்றேன். அது அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆணி அடித்தால்
பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார்.
சாலிடரிங்குக்குச் சத்தமில்லை.
செம்பைச் சுற்றி மெல்லியதாய் இன்னொரு வளையம் வைத்தேன்.
தண்ணீர் பரவினால் இரண்டும் சேர்ந்து கலங்கும்,
விரல் வந்தால் நடு மட்டும்.
ஐந்து போர்டு கருகியது, ஆறாவது நின்றது.
வரம்பு இருபத்தெட்டுக்கு இறங்கியது.
நுரை இன்னும் எப்போதாவது ஏமாற்றுகிறது;
யுட்டா அதை ரிப்போர்ட்டில் சிவப்பில் எழுதினாள்.
எழுதட்டும்.

திங்கட்கிழமை, பூட்ஸில் பனியோடு ரோலண்ட்.
பேஸ்ட் பிதுக்கி, வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே,
இதுவும் கேட்காது என்கிற அலட்சியத்தில்
கட்டைவிரலை வைத்தார்.

ர்ர்ர்ர் என்றது.
கண்ணாடி, குழாய், அவருடைய தாடி,
எங்கும் வெள்ளைப் புள்ளி.
திரையில் ஒரே ஒரு சொல்: விரல்.

துணியை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு அவரே துடைத்தார்,
எட்டாத மேல் மூலையை மட்டும் விட்டுவிட்டு.