ஐந்தாம் தடம்

விடுதிக் குளம் பதினான்கு மீட்டர்.
நூறு மீட்டருக்கு ஏழு நீளம்.
அப்புறம் ஒரு இரண்டு மீட்டர்
எதிலும் சேராமல் நிற்கும்.

கானாடுகாத்தானில் விருந்தினர் எழும்புமுன்
நாலரைக்கு இறங்குவேன்.
ஒன்பதாம் அறைப் பிரெஞ்சுக்காரி
மறந்துவிட்டுப் போன நீச்சல் கண்ணாடி என் முகத்தில்.
காவல்கார வெள்ளைக்கண்ணு அண்ணை
பீடியை அணைத்துவிட்டுப் போனில் நேரம் பிடிப்பார்.
‘முந்தாநாளைக்கு இன்னிக்கு ஒரு கொட்டாவி கம்மி’
என்பது அவர் கணக்கு.
ஐந்தரைக்கு, ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த
என் ஈரத் தடங்களை நானே துடைப்பேன்.
சம்பளம் அதற்குத்தான்.

முகாமுக்கும் விடுதிக்கும் நடுவே ஓர் ஊருணி.
படிகள் அவ்வளவு வடிவு.
குளிக்காதே, கால் நனைக்காதே என்று பலகை.
ஊர் குடிக்கிற தண்ணீர், நியாயம்தான்.
சைக்கிளில் போகவும் வரவும்
கண்ணால் மட்டும் அளப்பேன்:
இந்தப் படியிலிருந்து எதிர்ப்படிக்கு
ஐம்பது மீட்டர், கூடவோ குறையவோ.

அந்த இரவு ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப்
படகு திரும்பிப் போனது.
இனி இடுப்பளவுதான் என்றார்கள்.
எனக்கு ஒன்பது வயது.
யாருடைய இடுப்பு என்று சொல்லவில்லை.

மதுரையில் பந்தயம்.
அனுமதிக்கு மூன்று நாள் தாலுகா ஆபீசில் நின்றேன்.
காலை ஆறு முதல் மாலை ஆறு வரை
என்று எழுதிக் கொடுத்தார்கள்.
விண்ணப்பத்தில் ‘நாடு’ என்ற கட்டத்தை
மேசைக்காரர் பென்சிலால் நிரப்பினார்.
நிரோஜினி என்ற பேரை மைக்
நீரோஜினி என்று நீட்டியது.
நான் திருத்தவில்லை.

பதினான்காவது மீட்டரில்
உடம்பு தன்பாட்டில் சுருண்டது.
காலுக்குச் சுவர் இல்லை.
ஒரு வாய் குளோரினை விழுங்கி விரிந்தேன்.
இருபத்தெட்டில் ஒரு சின்னத் தயக்கம்,
நாற்பத்திரண்டில் அதுவும் இல்லை.
ஒரு நிமிடம் எட்டு விநாடி.
தகுதிச் சுற்றில் இரண்டாம் இடம்.
இறுதிப் போட்டி மாலை ஐந்துக்கு,
எனக்கு ஐந்தாம் தடம்.

முகாமில் ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் மணி ஐந்து.
‘சீட்டை நனைக்காதம்மா’ என்றார் கண்டக்டர்.
கண்ணை மூடி எண்ணத் தொடங்கினேன்.
அங்கே ஏழு பேர் தண்ணீரை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.
ஐந்தாம் தடத்தில் யாருமில்லை,
இரண்டு பக்கத்து அலையும் வந்து
மோதிவிட்டுப் போகும்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
வெள்ளரிப் பிஞ்சு விற்ற பொடியன்
சன்னலைத் தட்டி மிச்சம் மூன்று ரூபாய் தந்தான்.
எண்ணிக்கை விட்டுப்போனது.

‘நிரோஜினி.’
குறில்தான். சரியாகத்தான் கூப்பிட்டார்.
‘இருக்கிறேன்’ என்றேன்.
அந்த நேரம் பார்த்து
வலது காதிலிருந்து
மதுரைத் தண்ணீர் ஒரு சொட்டு
சூடாக இறங்கியது.