தொழில்: கேடி

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா
தொழில் என்ன என்று கேட்டார்.
கேடி, என்றான் அமலதாஸ்.
பேனா அப்படியே நின்றது.
கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிற கேடி சார்,
அந்தக் கேடி இல்லை என்று
மூன்று பேரும் சாட்சி சொன்னோம்.
நாங்களும் கேடிகள்தான் என்பதை
அப்போதைக்குச் சொல்லவில்லை.

வெளிநாடு போகிறோம். விளையாட.
தெரிந்தால் நாயுடுபுரமே சிரிக்கும்,
அதனால் ஹபீப் கடையில்
கடைசி பெஞ்சில்தான் கூட்டம்.
தாய்லாந்து முதல் வாரமே விழுந்துவிட்டது,
மலேசியா மேலும் பத்து நாள் தாங்கியது.
மதுரையில் ஏறினால் கொழும்பு,
அங்கிருந்து ரயிலில் ஒரு மலை.
அங்கேயும் பனி, அங்கேயும் ஸ்வெட்டர்.
இதே குளிருக்கா தலைக்கு முப்பத்தெட்டாயிரம்
என்றான் சின்னக்காளை.
அங்கே செவ்வாய்க்கிழமையும் ஆடலாம்டா
என்றான் தெய்வேந்திரன்.
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.
இங்கே எங்களுக்குத் திங்கள் மட்டும்;
மெம்பர்கள் வராத நாள்,
புல்வெளி முழுக்கக் காட்டெருமைகளும் நாங்களும்.

விமானத்தில் தலைக்கு இருபது கிலோ.
டாக்டரம்மா பழசென்று கொடுத்த பையைப்
பூண்டு மண்டித் தராசில் ஏற்றினோம்.
பதினாறு கிலோ முந்நூறு.
இத்தனை வருஷம் தோளுக்குத் தெரிந்தது
எண்ணாக அன்றைக்குத்தான் தெரிந்தது.
குடையை எடு,
ஐந்தாம் நம்பர் இரும்பை எடு,
ஓர ஜிப்பில் யாரோ மறந்த இருமல் மருந்தை எடு.
நாலு பேருக்கு ரெண்டு பை போதும்,
மாற்றிமாற்றி அடிக்கலாம்.
மண்டிக்காரர் எடைக்கூலி கேட்டார்.
கொடுத்தோம்; அதையும் கணக்கில் எழுதினோம்.

ஸ்கோர் அட்டையின் முதுகில்
சின்னக்காளை கூட்டிக்கொண்டே வந்தான்:
டிக்கெட், ரயில், அறை, சோறு, மைதானக் கட்டணம்.
கடைசியாக, போனில் அவர்கள் சொன்னது:
ஆளுக்கொரு கேடி. கட்டாயம்.

டீ ஆறியது.
அதைக் கழித்துவிடலாமே, என்றேன்,
நம்ம பையை நாமே தூக்கிக்க மாட்டோமா?
சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது,
பெங்களூர்க்காரர்கள் கார் டிக்கியைத் திறந்தபடி
எங்களிடம் சொல்லும் அதே வாக்கியம்.
அமலதாஸ் என்னைப் பார்க்காமல்
கிளாஸைப் பார்த்தான்.

சரி, டிப்ஸ் எவ்வளவு?
நூறு.
தொலைந்த பந்தைத் தேடிக் கொடுத்தால்?
நூற்றைம்பது.
மழையில் நின்றால்?
முள் கிழித்தால்?
நாம் தப்பாக அடித்துவிட்டு
அவனை முறைத்தால்?
பெயர் கேட்காமல் டேய் என்று கூப்பிட்டுவிட்டால்
அபராதம் ஐநூறு, என்றான் தெய்வேந்திரன்,
மேஜையைத் தட்டி.
அறையிலிருந்து வெந்நீர் போனது.
பிறகு ரெண்டு கட்டில் போனது.
நாலு நாள் மூன்றானது,
தை மாதப் பயணம் சித்திரைக்குப் போனது.
அந்த ஒரு வரியை மட்டும்
யாரும் அடிக்கவில்லை.

போன திங்கள் ஒத்திகை.
முதல் குழியருகே எருமை படுத்திருந்ததால்
இரண்டிலிருந்து தொடங்கினோம்.
ஒருவன் ஆட, ஒருவன் தூக்க, முறைபோட்டு.
என் முறை வந்ததும்
அமலதாஸ் பையை வாங்கிக்கொண்டான்.

நூறு கெஜம் நடந்திருப்பேன்.
வலது தோள் தானாகச் சாய்கிறது,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஜெர்கினுக்குள் விட்டேன். பின்னால் கட்டினேன்.
நிமிர்ந்து நட துரை, என்றது பின்னாலிருந்து குரல்,
எத்தனாம் நம்பர் தரட்டும்?

இருபத்தாறு வருஷம்
அடுத்தவருக்குச் சொன்ன விடை.
கொடியை மூடியிருந்தது பனி.
ஏழு, என்றேன்.
எட்டு, என்றான்.
எட்டையே வாங்கினேன்.