விரல் வைக்கவும்

சோஹார் கேம்ப் வாசலில்
காலை நாலரைக்கு
நான் யாரென்று மெஷினுக்குத் தெரியவில்லை.
செதில் உரிந்த கட்டைவிரல்,
மூன்றாம் முறையும் சிவப்பு.
பேரேட்டில் என்னைக் கையெழுத்திடச் சொல்லி
பேனாவைத் துடைத்து வாங்கினார் டைம்கீப்பர்.

முழங்கையில் நாணயமளவு இருந்தபோது
சிமெண்டுத் தூசி என்றேன்,
பிறகு ஏசிக் காற்று என்றேன்.
மெஸ்ஸில் என் தட்டு தனியானபோது
ஒன்றும் சொல்லவில்லை.

தோலைக் காட்டத்தான் போனேன்.
டாக்டர் ஷம்ஸா நகத்தைப் பார்த்தார்:
ஊசி குத்தினாற்போல் குழிகள்.
தெரிந்த இந்தியில் கேட்டார்,
எழுந்ததும் கை மூட எவ்வளவு நேரம்?

குழாயைத் திருகித் தர
இருதயராஜை எழுப்புகிறேன், டாக்டர்.

பிறருக்குத் தொற்றாது இது,
உனக்குள் இறங்கும்.
மூட்டு கோணுமுன் வந்தாயே.

வெள்ளிதோறும் ஒரு வேளை மாத்திரை,
மாதமொரு ரத்தப் பரிசோதனை.

பத்தாவது வெள்ளி
தண்ணீர் பாட்டிலின் மூடியை
நானே திறந்தேன்.
இருதயராஜ் தூங்கட்டும்.

மெஷின் மட்டும்
இன்னும் நம்பவில்லை.