மைனஸ் ஆறரை

கண்ணை இமை காப்பதுபோல என்பார்கள்.
என்னிடமிருந்தும் காக்கும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

விரல் நுனியில் ஒரு துளி.
துளிகூட அல்ல, துளியின் தோல்.
அதை ஏந்திக்கொண்டு நெருங்க நெருங்க
கடன்காரனைக் கண்ட வீடுபோலக்
கதவடைக்கிறது இமை.

"மேலே பாருங்கள்" என்கிறார் எய்தீஸ்.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை
ரெய்க்யாவிக்கிலிருந்து பறந்து வருபவர்.
இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை
எங்கள் மலைகளுக்கு நடுவே இறங்க முடியாமல்
வந்த வழியே திரும்பிப் போனவர்.
எனக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம்.
ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.
வெளியே யாரோ இருமி இருமி
தான் இருப்பதைச் சொல்கிறார்கள்.

கிண்ணமாகக் குவிந்திருந்தால் சரி,
தட்டாக விரிந்தால் உள்வெளி மாறிவிட்டது.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும்,
கண்ணாடியைப் போட்டால் இதைப் போட முடியாது.
சொன்னேன். எய்தீஸ் சிரிக்கவில்லை.
தினமும் கேட்கும் நகைச்சுவையாக இருக்கும்.

பதினேழாவது முறையோ என்னவோ.
சில்லென்றது.
பிறகு ஒன்றுமே இல்லை.
பிறகு
எதிர்ச்சுவரின் தீ விபத்து அறிவிப்பு
கடைசி வரி வரைக்கும்.

கண்ணாடியில் பார்த்தேன்,
கண்ணாடி இல்லாத என்னை.
மூக்கின் இரு பக்கமும்
முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்து
எழுந்து போனவரின் பள்ளம்.

மறுநாள் காலை காட் மீன்.
கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில்
வெட்டிய சதை விளக்காய் ஒளிரும்.
உள்ளே பழுப்பு நூலாய்ச் சுருண்ட புழுவை
கத்தி முனையால் கெல்லி எடுக்க வேண்டும்.
அன்றைக்கு ஒன்றையும் விடவில்லை நான்.
பக்கத்து மேசையில் கிடந்ததைக்கூட
சுட்டிக் காட்டினேன், கேட்காமலே.

இத்தனை வருடமும்
குளிரறைக்குள் போய் வெளியே வந்தால்
ஆவி படிந்து எல்லாம் பால்.
இரண்டு கையிலும் மீன் ஊறிய ரப்பர் உறை.
யாராவது துடைத்துவிடட்டும் என்று
கை விரித்து நிற்பேன்.
யாராவது என்றால் வியெஸ்வாவா,
தன் தலைத்துணியின் நுனியால்.
அவள் பேசும் ஐஸ்லாந்திய மொழி இன்னும் நொண்டும்.
என் போலிஷ் எழுந்து நடந்ததே இல்லை.

அவள்தான் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"உன் கண் இவ்வளவு பெரிசா?"
தடித்த கண்ணாடி
கண்ணைச் சிறுத்துக் காட்டுமாம்.
பதினொரு வருடம் எதிரெதிரே நின்றவளுக்கு
வேறு யாருடைய கண்ணையோ
காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்து மணிக்குக் குளிரறையிலிருந்து வந்தேன்.
எல்லாம் பளிச்சென்று இருந்தது.
அவள் கை பழக்கத்தில்
துணி நுனி வரைக்கும் போய்
அங்கேயே நின்றது. பிறகு
காதோரம் ஏதோ அரிப்பதுபோலச் சொறிந்துகொண்டது.

இரவு, வலது கண்.
கிள்ளுகிறேன், வரவில்லை.
மறுபடி கிள்ளுகிறேன்.
ஹாவர்துர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
கடல் நிலவரம் படிப்பவர் குரலில்
"சிவப்பு, மேலும் சிவப்பு" என்கிறார்.
அரை மணி கழித்துக் கண்டுபிடித்தார்:
என் கம்பளிச் சட்டை முழங்கையில்
மீன் செதிலாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது.
அதுவரை நான் கிள்ளியது
வெறும் என்னை.

படுத்த பிறகும் நடுவிரல்
மூக்குத்தண்டில் இல்லாததை
மேலே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணுக்கு ஓய்வு கொடு
என்று தாளில் போட்டிருந்தது.
உண்மையில் புதன்கிழமை என்றுதான் போட்டிருந்தது.
வெள்ளிக்கிழமையும் நானே கொடுத்தேன்.

பழைய கண்ணாடி,
குளிரறைக் கதவு,
உலகம் வெள்ளையாய்ப் போயிற்று.
கை விரித்து நின்றேன்.
ஈரத் தரையில் பூட்ஸ் சத்தம் வந்தது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
முதலில் இடது பக்கம் துடைத்தாள்.
வாயால் ஊதி, இன்னொரு முறை.