மேல்கோடு

மூன்று வாரம் கடலில் இருந்துவிட்டு
ஹெலிகாப்டர் கரையில் இறக்கிவிட்ட மதியம்.
காதுக்குள் இன்னும் விசிறி சுற்றுகிறது.
குளிக்கவில்லை. பையைக்கூடப் பிரிக்கவில்லை.
ஸ்டோன்ஹேவன் வீட்டுக் கொட்டகையில்
தார்ப்பாயைத் தூக்கினேன்.
அறுபத்தெட்டாம் வருடத்து பி.எஸ்.ஏ.
என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தது,
என்னைவிட மோசமாக இருமும்.

சீட்டுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி.
மூடியோடு ஒட்டிப் பிறந்த அளவுகோல்.
உருவினேன். பழைய பனியன் துணியில் துடைத்து
மறுபடி விட்டு எடுத்தேன்.
மேல்கோட்டில், மயிரிழை பிசகாமல்,
தேன் நிறத்தில் நின்றது எண்ணெய்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வண்டியை எனக்குத் தெரியும்.
நிறுத்திவைத்தால் சும்மா நிற்காது.
தேய்ந்த பம்பின் இடுக்கு வழியே
ராத்திரி ராத்திரியாகத்
தொட்டி எண்ணெயைத் தன் வயிற்றுக்கு இறக்கிக்கொள்ளும்.
வாங்கிய புதிதில் நானும் ஏமாந்திருக்கிறேன்.
காய்ந்த கோலைப் பார்த்து ஒழுகிவிட்டதென்று பதறி,
தரையில் ஒரு சொட்டும் இல்லையே என்று யோசிக்காமல்
ஊற்றினேன். உதைத்தேன்.
கீழே கிடந்ததெல்லாம் மேலேறி
மூச்சுக்குழாய் வழியே பின்டயரில் வழிந்தது.
கடலோர வளைவு வரைக்கும் போயிருந்தால்
என்னைப் பாறையடியில் பொறுக்கியிருப்பார்கள்.

மூன்று வாரம் நின்ற வண்டி
காய்ந்த கோலைக் காட்டினால் யோக்கியம்.
நிறைந்திருந்தால்
யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அலமாரியில் இருந்த கேன்
ஒரு லிட்டருக்கு மேல் இளைத்திருந்தது.
பக்கத்தில் சமையலறைப் புனல்,
கழுவித் துடைத்து, வீடு திரும்பாமல்.

ஸ்ட்ரூவன்.
மாடியறை வாடகைக்காரன். தபால்காரன்.
சைக்கிளையே தள்ளிக்கொண்டு போகிறவன்.

கீழே படுத்தேன்.
வடிகால் போல்ட்டை ஸ்பானர் கவ்வியது.
அவன் ரொட்டி மாவு பிசையும் பேசினைத்தான் வைத்தேன்,
நியாயம் பார்த்து.
முதலில் ஒரு முத்து. பிறகு நூல். பிறகு கயிறு.
கறுப்பாக, அவசரமே இல்லாமல்
வந்துகொண்டே இருந்தது.

நான் வேலை பார்க்கும் மேடையில்
முந்நூறு அடித் தண்ணீருக்குக் கீழே துளை போட்டு
இதன் பூட்டனைத்தான் இழுக்கிறோம்.
இன்றைக்கு எத்தனை பீப்பாய் என்று
திரையில் ஓடும்.
ஏழு வருடத்தில் ஒரு துளி என் மேல் பட்டதில்லை.
இங்கே முழங்கை வரைக்கும்.

ஜன்னலில் அவன் முகம்.
பிறகு கதவு. பிறகு காலுறை போட்ட பாதங்கள்
என் தலைக்கருகே.

"போகும்போது சொன்னாயே, மோர்வென்,
வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று.
நேற்றுப் பார்த்தேன். காலியாக இருந்தது.
உன்னைக் கேட்கலாமென்று கூப்பிட்டேன்,
புயலில் லைன் போகவில்லை."

தார்ப்பாய் பறக்காமல் பார்த்துக்கொள் என்றுதான்
நான் சொன்னது.
அதைச் சொல்லவில்லை.
பேசினைப் பிடி என்றேன், சிந்தாமல் நகர்த்து.

புது செம்பு வாஷர். போல்ட்டை முடுக்கி
நாலாவது உதையில் கிளம்பியது.
கொட்டகைத் தகரமெல்லாம் கூடவே ஆடியது.
குனி, என்று கத்தினேன்,
தொட்டிக் கழுத்துக்குள் டார்ச் அடி,
அந்தச் சின்னக் குழாய் வாயைப் பார்.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
ஒரு குமிழ், ஒரு துப்பல்,
பிறகு திக்கித் திக்கி
சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது எண்ணெய்.

"இதற்கப்புறம்தான் அளக்கணுமா?"
ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம்.
சட்டைப்பைப் பேனாவை எடுத்து
புறங்கையில் எழுதிக்கொண்டான்.
முகவரி எழுதுவதுபோல, கொட்டை எழுத்தில்.

அளந்தோம். மேல்கோட்டுக்கு அரை விரல் கீழே.
அவன் கை அவனுக்கே தெரியாமல்
கேன் பக்கம் போயிற்று.

விடு, என்றேன்.
நாளைக்கு அவனுக்கொரு பேசின் வாங்க வேண்டும்.